கடலுக்கு மதகு

என் காதில் இரண்டு ஓட்டை போடுவதற்கு எங்கள் வீட்டார் நான்கு வருஷம் பாடுபட்டார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு இது அரை நிமிஷ வேலை. என்ன ஏது என்று புரிந்து பிள்ளை வாயைத் திறப்பதற்குள் காதில் கம்மல் ஏறிவிடும், திறந்த வாயில் வாழைப்பழமும் ஏறிவிடும். நான் மட்டும் ஒன்பது வயதுவரை மூளிக்காதோடு திரிந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

நாங்கள் இருளர். மானாம்பதிப் பக்கம் ஒரு ஏரிக்கரைக்குக் கீழே எங்கள் பன்னிரண்டு வீடுகளும் இருந்தன. மாசி மகம் வந்தால் வீட்டைச் சாத்திவிட்டு எல்லோரும் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்விடுவோம். மணலில் நாலு கழி நட்டு, புடவைகளைச் சுற்றிக் கட்டித் தங்குவோம். விடியற்காலையில், அலை வந்து தொடுகிற இடத்தில் மணலால் ஏழு படி கட்டி, பூ வைத்து, கன்னியம்மாவைக் கும்பிடுவோம். கல்யாணம், மொட்டை, காதுகுத்து எல்லாம் அந்த விடியலில் அவள் முன்னால்தான். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் இன்னொன்றும் சொல்வார்கள்: பிள்ளைக்கு வயது ஒற்றைப்படையாக இருக்க வேண்டும்.

ஐந்தாவது வயதில் நான் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகு ஒன்றின் அடியில் ஒளிந்துகொண்டு அங்கேயே தூங்கிவிட்டேன். கண்டுபிடித்தபோது வெயில் ஏறிவிட்டது, காது குத்துகிற ஆசாரி மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார். ஆறாவது வயது இரட்டைப்படை. அந்த மாசி நிம்மதியாகக் கழிந்தது. ஏழாவது வயதில் என்னை நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். கை, கால், தலை எதுவும் என் வசத்தில் இல்லை. பல் மட்டும் இருந்தது. வாய்க்கு எட்டிய தூரத்தில் மாமாவின் மணிக்கட்டு வந்தது, கடித்துவிட்டேன். ரத்தம் வந்தது. மாமா கத்தவில்லை. என் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விட்டுவிடுங்கள் என்றார். கடி வாங்கியவரே சொன்னதால் மற்றவர்களும் கையை எடுத்துவிட்டார்கள்.

அன்று அம்மா மாமாவை ஏசிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஏச்சு காதில் விழாத தூரத்துக்குப் போய் அலைக்கு முன்னால் நின்றார். இனி யாரும் குத்த மாட்டார்கள் என்ற தைரியத்தில் எனக்குப் பேச்சு வந்துவிட்டது. கடலை நன்றாகப் பார்த்துவிட்டு, இந்த ஏரிக்கு மதகு எங்கே என்று அவரைக் கேட்டேன். ஏரியிலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வாய்தான் மதகு. ஏரிக்குக் கீழே பிறந்து வளர்ந்த எனக்கு மதகில்லாத தண்ணீர் எதுவும் தெரியாது. எவ்வளவு பெரிய ஏரியானாலும் அதற்கு ஒரு மதகு இருந்தாக வேண்டும். மாமா துணி சுற்றிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு, தெரியவில்லையே, பார்க்க வேண்டும் என்றார்.

எனக்கு ஒன்பது வயது ஆன வருஷம் அம்மா தை மாதமே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இந்தத் தடவையும் நடக்கவில்லை என்றால் அவளே என்னை உத்திரமேரூர் கடைத்தெருவுக்கு இழுத்துப் போய், ஒரு ஸ்டூலில் உட்காரவைத்துக் குத்திவிடுவாளாம். மாமன் மடியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். அடுத்த ஒற்றைப்படை பதினொன்று. அந்த வயதுப் பெண்ணை மாமன் மடியில் யாராவது உட்காரவைப்பார்களா? அம்மா இதைச் சொன்னது என்னைப் பார்த்து. ஆனால் முகம் சுருங்கிப்போனது மாமாவுக்கு.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. அப்போது அவருக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருக்கும். கரும்பு வெட்டு, சவுக்கு வெட்டு என்று வேலை எங்கே கூப்பிடுகிறதோ அங்கே போய்விடுவார். எந்த நேரத்திலும் எந்த மரத்தடியிலும் தூங்கக்கூடியவர் என்று ஊரில் அவருக்குப் பெயர். அந்த வருஷம் தை மாதம் முழுக்கக் கடலோரத்தில் சவுக்கு வெட்டப் போயிருந்தார். திரும்பி வரும்போது உடம்பு கரிக்கட்டையாகிவிட்டிருந்தது. கையில் ரோஸ் காகிதத்தில் மடித்த ஒரு சோடிக் கம்மல். அதை யாரிடமும் கொடுக்காமல் தன் பனியனுக்குள் ஒரு சின்னப் பை தைத்து அதில் வைத்துக்கொண்டார். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் இரண்டு காதையும் பொத்திக்கொள்வேன்.

மகத்துக்கு ஊரே லாரி பேசிக்கொண்டு புறப்பட்டது. மாமா மட்டும், நாம் நாலு பேரும் பஸ்ஸில் போகலாம் என்றார். அம்மா, நைனா, அவர், நான். அதுவும் நேராக மாமல்லபுரத்துக்கு இல்லை. தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் இறங்கி, அங்கிருந்து கரையோரமாகவே நடந்து போகலாம் என்றார். பைத்தியமா உனக்கு என்று அம்மா கேட்டாள். அதற்கு மாமா சொன்ன பதில் எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது.

"பாப்பா கடல எங்க பாத்துகீது அக்கா? வருசா வருசம் கூட்டத்தத்தான் பாத்துகீது."

என் நைனா அதிகம் பேசாதவர். நடக்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னார், அதோடு முடிந்தது.

செங்கல்பட்டில் பஸ் மாறி, திருக்கழுக்குன்றம் தாண்டி நாங்கள் இறங்கியபோது காலை ஒன்பது மணி இருக்கும். பழைய கோட்டைச் சுவரைச் சுற்றிக்கொண்டு போனோம். சுவர் முடிந்ததும் எதிரே வேறு எதுவும் இல்லை, கடல்தான் இருந்தது. மாமா சொன்னது சரி. நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. மாமல்லபுரத்தில் நான் பார்த்தது மனிதர்களின் முதுகுகளுக்கு நடுவே தெரிந்த கொஞ்சம் நீலம். இங்கே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் எனக்கே எனக்கென்று விரித்துப் போட்ட மாதிரி கிடந்தது. மாசி மாதத்துக் கடல் சாது. அலைகள் அவசரமில்லாமல் வந்து, மணலில் கொஞ்ச தூரம் ஏறி, வெள்ளை நுரையை விட்டுவிட்டுத் திரும்பின. வெயில் இருந்தது, சுடவில்லை. தூரத்தில் பனி இன்னும் முழுசாக விலகாததால் கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. எனக்கு ஓட வேண்டும் போலிருந்தது. ஓடினேன். எதற்கு என்று தெரியாமலே ஓடி, மூச்சு வாங்கத் திரும்பி வந்தேன்.

அப்போதுதான் மாமா மணலில் குந்தி, என் உயரத்துக்கு முகத்தை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சை எடுத்தார்.

"கடலுக்கு மதகு எங்க கீதுன்னு அன்னிக்குக் கேட்டியே, ஞாபகம் கீதா? போற வழியில அத நீ காட்டிட்டா உன்ன மடியில குந்த வைக்க மாட்டேன். காதும் குத்த மாட்டேன்."

காட்டாவிட்டால், என்று கேட்டேன்.

"அயுவாம வந்து குந்தணும். கடிக்கக் கூடாது."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் கன்னியம்மா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டேன். மாமாவைப் பார்த்தால் பாவமாக இருந்தது. மதகில்லாத ஏரி உண்டா? இது கூடத் தெரியாமல் ஒரு மனிதர் பந்தயம் கட்டுகிறாரே என்று நினைத்தேன். பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் அது எங்கேயாவது வந்துதானே ஆக வேண்டும்.

ஆகவே நான் அந்தக் கரையைப் பார்த்த மாதிரி வேறு எந்தப் பிள்ளையும் பார்த்திருக்காது. என் இரண்டு காதும் அதில் அடகு வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு அடியையும் கவனித்தேன். கோட்டையிலிருந்து சரிந்து விழுந்த ஒரு கருங்கல் பாதி மணலில் புதைந்து கிடந்தது. இதுதான் மதகுக் கல் என்றேன். மாமா நாலு பக்கமும் சுற்றிப் பார்த்து, கையால் தட்டிப் பார்த்து, கல் இருக்கிறது, தண்ணீர் போகிற வழி எங்கே என்று கேட்டார். நியாயம்தான். அப்புறம் மணல் அரித்து வெளியே தெரிந்த ஒரு கிணற்று உறையைக் காட்டினேன். மாமா அதன் விளிம்பில் படுத்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, அடியில் ஒரு நண்டுதான் இருக்கிறது, மதகுக்காவலாளியாக இருக்குமோ என்றார். இந்த மனிதரிடம் கவனமாக இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன்.

நண்டு என்றதும் நைனாவுக்குக் கை துறுதுறுத்தது. எங்கள் பக்கத்து வயல்களில் எலி பிடிப்பதில் நைனாவை மிஞ்ச ஆள் கிடையாது. வளையைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா, எத்தனை நாளாக இருக்கிறது, பின்வாசல் எங்கே என்று சொல்லிவிடுவார். மணலில் நூறு நூறாக வளைகள். நைனா ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பின்வாசல் இருக்க வேண்டிய இடத்தை மிதித்து அடைத்துவிட்டு, முன்வாசலில் கையை முழங்கை வரை விட்டார். நண்டு மூன்றாவதாக ஒரு வழியில் வெளியே வந்து, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பக்கவாட்டில் ஓடிப்போனது. நைனா இன்னும் இரண்டு வளைகளில் முயன்றார். பிறகு கையைத் தட்டிக்கொண்டு எழுந்து, இதுக்கு ஒழுக்கமில்லை என்றார். அம்மா மணலில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆனால் நைனாவின் மானத்தை ஆமை காப்பாற்றியது. கொஞ்ச தூரம் போனதும் டிராக்டர் டயர் போன மாதிரி ஒரு தடம் கடலிலிருந்து ஏறி, மணல்மேடு வரைக்கும் போய், திரும்பி வேறு வழியில் கடலுக்குள் இறங்கியிருந்தது. இந்த இடத்தில் யார் டிராக்டர் ஓட்டுகிறார்கள் என்று நான் கேட்டேன். நைனா தடத்தின் ஓரத்தில் குனிந்தபடி நடந்து, விரலால் தொட்டுப் பார்த்தார். ஒரு பெரிய ஆமை. விடிவதற்கு முன் வந்திருக்கிறது. ஏறும்போது பாரம், இறங்கும்போது பாரமில்லை. முட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறது என்றார். கடலாமையை அவர் அதற்கு முன் பார்த்ததே கிடையாது. மேட்டில் ஓரிடத்தில் பாதத்தால் லேசாக அழுத்தி, இங்கேதான் என்றார். தோண்டவில்லை. தடம் யார் கண்ணிலும் படாமல் ஒரு பனையோலையால் மணலைத் தள்ளிக் கலைத்துவிட்டார். அம்மா பக்கத்தில் படர்ந்திருந்த அடப்பங்கொடியிலிருந்து ஊதாப் பூ ஒன்றைப் பறித்து அந்த இடத்தில் வைத்தாள். புள்ளத்தாச்சி, பாவம் எவ்வளவு தூரம் நடந்தாளோ என்றாள்.

அதற்குப் பிறகு அம்மாவும் எங்களில் ஒருத்தியாகிவிட்டாள். புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு அலையோடு ஓடிப்பிடித்து விளையாடினாள். உள்ளான் குருவிகளும் அதையேதான் செய்துகொண்டிருந்தன; அலை திரும்பினால் கூடவே ஓடி மணலைக் கொத்துவதும், அலை வந்தால் சின்னச் சின்னக் காலால் தெறித்து ஓடி வருவதுமாக. குருவிகள் ஒரு தடவைகூட நனையவில்லை. அம்மா இடுப்பு வரைக்கும் நனைந்துவிட்டாள். மணல்மேட்டில் ராவணன் மீசைப் புல் காய்ந்து, அதன் முள்ளுருண்டைகள் காற்றில் உருண்டுகொண்டிருந்தன. ஆளுக்கொன்றை எடுத்து விட்டுப் பந்தயம் ஓடினோம். என் உருண்டை எல்லோருடையதையும் முந்திக்கொண்டு போய்க் கடலில் விழுந்தது. மதகு இருந்தால் அதன் வழியாகத் திரும்பி வரும் என்றேன். மாமா ஆமாம் என்று தலையாட்டினார்.

உச்சிக்குச் சூரியன் வந்தபோது ஒரு சவுக்குத் தோப்பில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். சவுக்கு மரத்தின் சத்தம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடல் ஒரு பக்கம் இரைய, அதற்குப் பதில் சொல்கிற மாதிரி மரங்கள் இன்னொரு பக்கம் இரைந்தன. கீழே ஊசி ஊசியாக உதிர்ந்து கிடந்த சருகு மெத்தையாக இருந்தது. மாமா சாப்பிட்ட கையோடு துண்டை விரித்துப் படுத்தார். படுத்தார் என்று நான் சொல்வதற்குள் குறட்டை வந்துவிட்டது.

எனக்கானால் பொறுக்கவில்லை. மதகு அந்தப் பக்கம் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது, பொழுதோ போய்க்கொண்டிருக்கிறது. மாமாவை உலுக்கினேன். காதில் சருகு விட்டேன். ஒற்றைக் கண்ணைத் திறந்து மரங்களின் நிழலைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். அம்மா, இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டாமா என்று சத்தம் போட்டாள். அதற்கும் அசையவில்லை. நிழல்கள் நீண்டு, எங்கள் காலைத் தாண்டிப் போன பிறகுதான் சாவகாசமாக எழுந்து, சோம்பல் முறித்து, என்ன நேரமாகிவிட்டதா என்று கேட்டார். பந்தயம் கட்டிவிட்டுத் தூங்குகிற ஆளை அன்றுதான் பார்த்தேன். அவர்மேல் இருந்த கொஞ்சநஞ்சப் பயமும் போய்விட்டது.

தோப்பைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்திருப்போம். முதலில் என் கண்ணில் பட்டவை கொக்குகள். கடல் பக்கம் இல்லை, நிலத்துப் பக்கம். வெள்ளை வெள்ளையாக ஒரு கும்பல் நின்றுகொண்டிருந்தது. அவற்றுக்கு அடியில் கோரை பச்சையாகத் தெரிந்தது. வழியெல்லாம் பார்த்த காய்ந்த புல் இல்லை, தண்ணீர் குடித்த பச்சை. எங்கள் ஏரியில் கரைமேல் எந்த இடத்தில் நின்றாலும் மதகு எங்கே என்று நான் சொல்லிவிடுவேன். அதற்குக் கீழேதான் கொக்கு நிற்கும், அதற்குக் கீழேதான் பச்சை. யாரிடமும் சொல்லாமல் ஓடினேன்.

கரை அங்கே அறுந்திருந்தது. எங்கள் ஊர் வாய்க்கால் போல நாலைந்து மடங்கு அகலத்துக்கு மணல் பிளந்து, அந்தப் பிளவு வழியாகக் கடல் நிலத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. மதகைத் தூக்கிவிட்டால் தண்ணீர் எப்படி முறுக்கிக்கொண்டு, நுரை தள்ளிக்கொண்டு வாய்க்காலில் இறங்குமோ அப்படியே. நான் கையைத் தூக்கிக் குதித்தேன்.

மாமா வந்து பார்த்தார். இது ஆறு, ஆறு கடலுக்குத்தான் போகும், கடல் எங்காவது ஆற்றுக்குள் போகுமா என்றார். நான் ஒரு அடப்பம்பூவைப் பறித்துத் தண்ணீரில் போட்டேன். பூ ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொக்குகள் நின்ற பக்கமாகப் போனது. இன்னொன்று போட்டேன். அதுவும் போனது. மாமா தண்ணீரில் காலை விட்டுப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அவர் முகத்தில் அவ்வளவு குழப்பம்.

உள்ளே இடுப்பளவு தண்ணீரில் ஒரு அம்மா இறால் தடவிக்கொண்டிருந்தாள். எங்கள் ஆட்கள்தான், கடலோரத்தில் இருப்பவர்கள் எலிக்குப் பதில் இறால் பிடிப்பார்கள். பிடித்த இறாலைப் போடுகிற பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தாள். மாமா அவளிடம் சத்தம் போட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டார். அவள் கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள்.

"இப்ப உள்ளாரதான் போய்க்கினுகீது. பாத்தா தெரியலியா?"

சொல்லிவிட்டு மாமாவைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீரில் திரும்பி நின்றுகொண்டாள். ஒன்பது வயதுப் பெண்ணிடம் தோற்றுப்போன ஆளைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது.

அம்மா இதை ஒப்புக்கொள்ளவில்லை. கடலுக்கு மதகாம், அதற்காக என் பெண்ணுக்குக் காது கிடையாதாம் என்று ஆரம்பித்தாள். ஆனால் நைனா தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கரைக்குள்ளே தண்ணீர் போனால் அது மதகுதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். தண்ணீர் விஷயத்தில் நைனா பொய் சொல்ல மாட்டார். மாமா தலையில் கையை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். தோற்றவர்தான் தூக்க வேண்டும் என்று சொல்லி, அவர் கழுத்தில் ஏறிக்கொண்டேன். தண்ணீர் அவர் மார்பு வரைக்கும் வந்தது. மேலே நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு என் மதகைக் கடந்தேன்.

அன்று சாயங்காலம் மாதிரி ஒரு சாயங்காலத்தை நான் அப்புறம் பார்த்ததில்லை. இடது பக்கம் சவுக்குத் தோப்புகளுக்குப் பின்னால் சூரியன் இறங்க, வலது பக்கம் கடலுக்குள்ளிருந்து முழு நிலா மேலே வந்தது. முதலில் செம்மண் நிறத்தில், பிறகு மஞ்சளாக. நடுவில் நாங்கள் நாலு பேர், ஆளுக்கு இரண்டு நிழலோடு. தூரத்தில் கலங்கரை விளக்கம் சுற்ற ஆரம்பித்தது. நான் சத்தம் போட்டுப் பாடிக்கொண்டு போனேன். என்ன பாட்டு என்று கேட்காதீர்கள். அதில் மதகு என்ற ஒரு வார்த்தைதான் இருந்தது.

மாமல்லபுரத்தில் எங்கள் ஊர்க்காரர்களிடம் மாமாவே போய் விஷயத்தைச் சொன்னார். பந்தயத்தில் பாப்பா ஜெயித்துவிட்டது, இந்த வருஷம் காதுகுத்து இல்லை என்றார். எல்லோரும் அவரைத்தான் கேலி செய்தார்கள். அம்மா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

விடியற்காலையில் நான் எழுந்தபோது கரையெல்லாம் ஏழு ஏழு படிகளாக இருந்தது. ஒவ்வொரு படியிலும் பூவும் கற்பூரமும். கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. எங்கள் படிக்குப் பக்கத்தில் மாமா கடலில் முங்கிவிட்டு ஈர வேட்டியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கம்பக்கத்தில் மாமன்களின் மடியில் எல்லாம் பிள்ளைகள் இருந்தார்கள், அவரவர் சக்திக்கு ஏற்றபடி அலறிக்கொண்டு. இவர் மடி காலியாக இருந்தது. கூப்பிடவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஜெயித்தவள். எங்கே வேண்டுமானாலும் ஓடலாம். அந்தப் பக்கம் கொஞ்சம் ஓடினேன், இந்தப் பக்கம் கொஞ்சம் ஓடினேன். துரத்த யாரும் வராததால் ஓடுவதில் ருசி இல்லை. திரும்பி வந்து அவர் பக்கத்தில் நின்றேன்.

"வலிக்குமா மாமா?"

இந்தக் கேள்விக்கு அதுவரை எனக்குக் கிடைத்திருந்த பதில், எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்பது. அம்மா, நைனா, ஆசாரி எல்லோரும் அதையே சொல்லியிருந்தார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

"வலிக்கும்" என்றார் மாமா. "நீ என்னக் கடிச்சியே, அதுல பாதி."

இரண்டு காதுக்கும் சேர்த்தா என்று கேட்டேன். ஒரு காதுக்கு என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் அன்று கத்தவில்லை என்பது ஞாபகம் வந்தது. ஒரு காது மட்டும் குத்திக்கொள்கிறேன், இன்னொன்றைப் பற்றி அப்புறம் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சரி என்றார். நானே போய் உட்கார்ந்தேன். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

வலித்தது. மாமா சொன்ன அளவுக்குத்தான் வலித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, அழவில்லை. ஒப்பந்தப்படி எழுந்து, ஒற்றைக் கம்மலோடு கரையில் உலாவினேன். லாரியில் வந்திருந்த பிள்ளைகள் கெக்கலி கொட்டிச் சிரித்தார்கள். இரண்டு சுற்று சுற்றுவதற்குள் எனக்கே கழுத்து ஒரு பக்கம் சாய்கிற மாதிரி தோன்றிவிட்டது. திரும்பி வந்து மறு காதையும் நீட்டினேன். அதற்குள் சூரியன் தண்ணீரிலிருந்து முழுசாக வெளியே வந்துவிட்டிருந்தது, வெயில் பட்டுக் கம்மல் மினுங்குகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். ஊருக்குத் திரும்பியதும் என் காதை விட என் மதகைப் பற்றித்தான் அதிகம் பேசினேன். மாமாவைத் தோற்கடித்த கதையை வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் எதிரிலேயே சொல்வேன். அவரும் ஒவ்வொரு தடவையும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்.

அடுத்த மாசி மகத்தில் மாமாவுக்கு அதே கரையில் கல்யாணம் நடந்தது. பெண், அந்த இறால் தடவிய அம்மாவின் மகள். வெகுகாலம் கழித்து, நானே பிள்ளை பெற்ற பிறகு ஒருநாள், அந்த அத்தைதான் பேச்சுவாக்கில் சொன்னாள்.

"அந்தத் தை மாசம் சவுக்கு வெட்ட வந்த ஆளு, வேல முடிஞ்சா எங்க மொகத்துவாரத்துலதான் குந்திக்கினு இருப்பாரு. தண்ணி எப்ப உள்ள போவும், எப்ப வெளிய வரும், மகத்தன்னிக்கு எத்தினி மணிக்குத் திரும்பும்னு எங்கம்மாவ நச்சரிப்பாரு. மத்தியானத்துல வந்தா வெளியதான் போய்க்கினு இருக்கும், சாயங்காலமா இட்டுக்கினு வாடான்னு சொல்லிச்சாம்."

அத்தை சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் எழுந்து மாமாவைத் தேடிப் போனேன். அத்தை சொன்னது நிஜமா என்று கேட்டேன். அவர் வழக்கம்போலத் தலையைச் சொறிந்தார். மதகைக் கண்டுபிடித்தது நீதானே, நானா என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து எதையும் வாங்க முடியவில்லை. என்னை ஜெயிக்கவைத்துவிட்டு அந்த விடியலில் அவர் எதை நம்பி அங்கே உட்கார்ந்திருந்தார்? நான் வராமல் போயிருக்கலாம். அவருக்குக் கன்னியம்மா மேல் சத்தியம் இருந்தது; எனக்கு எந்தச் சத்தியமும் இல்லை.

அவரிடம் கேட்காத விஷயம் இன்னும் ஒன்று இருக்கிறது. நான் போய் உட்கார்ந்தபோது அவர் மடி நடுங்கிக்கொண்டிருந்தது. தோளும் கையும்கூட நடுங்கின. ஈர வேட்டி, விடியற்காலைப் பனி, பாவம் அவருக்குக் குளிர் தாங்கவில்லை என்று நினைத்தேன். என் பாவாடையை இழுத்து அவர் முழங்காலின்மேல் போர்த்திவிட்டு, ஆசாரியைப் பார்த்து அதட்டினேன்.

"சீக்கிரம் குத்துங்க. எங்க மாமாவுக்குக் குளுருது."